அதிர்வு

ரயில்வே கேட் மூடியதும் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டார்கள். சுயம்பு மட்டும் தன் ஆட்டோவின் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். கையைத் தளர்த்தினால் இஞ்சின் நின்றுவிடும். நின்றால் சூடு ஆறும்வரை எடுக்காது. "அண்ணாச்சி, அணைச்சுப் போடுங்களேன், புகை மூஞ்சியில அடிக்குல்லா!" என்றார் பக்கத்து பைக்கில் இருந்தவர். சுயம்பு பின்னால் திரும்பினார். மூச்சுத் திணறலோடு ஏறிய மனைவி தங்கபுஷ்பம் மூலையில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். ஏறும்போது கேட்ட இழுப்புச் சத்தம் இஞ்சின் இரைச்சலில் இப்போது கேட்கவில்லை. "ஏளா, ஆஸ்பத்திரி வந்துட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கந்தான்." அவள் தலை அசைந்தது. ஆனால் சீட்டும் அசைந்தது, கம்பியில் மாட்டியிருந்த பையும் அசைந்தது. நெஞ்சின் மேல் கிடந்த முந்தானை ஏறி இறங்குவது மூச்சாலா, வண்டியின் உதறலாலா? "ஏளா!" மறுபடி தலை அசைந்தது, அதே அளவு, பையோடு சேர்ந்து. ரயில் போனது. கேட் உயர்ந்தது. முன்னால் நின்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பின்னால் ஹாரன்கள் அலறின. சுயம்பு முந்தானையைப் பார்த்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தார்.