சேலத்து மருந்து

நல்லமுத்து மழையில் நனைந்தபடி மேட்டில் ஓடி வருவதை ஜன்னல் வழியே பார்த்ததுமே நர்ஸ் கலாவதிக்குத் தெரிந்துவிட்டது. சேதி இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் இப்படி ஓடி வருவாரா?

அவருடைய மகள் லட்சுமி காலை ஒன்பது மணிக்கே கண்ணை மூடிவிட்டாள். ஆறு வயது. காலில் வந்த கட்டி பழுத்து, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. போட்ட பெனிசிலின் எதுவும் அந்தக் கிருமியிடம் எடுபடவில்லை.

"இதுக்குக் கிளாக்சசிலின்தான் கேட்கும். சேலத்துல கிடைக்கும்" என்று டாக்டர் பொன்னுவேல் சீட்டு எழுதித் தர, நேற்று மத்தியானம் எஸ்டேட் வேலையைப் போட்டது போட்டபடி இறங்கிப் போனார் நல்லமுத்து. இரவு பெய்த மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோனது. திரும்பி நடந்தே ஏற வேண்டியதாயிற்று.

குழந்தையை எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவரிடம் சொல்ல எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கீழே ஆள் அனுப்பியிருந்தார். அந்த ஆள் எங்கே ஒதுங்கி நின்றானோ!

லட்சுமி படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் முந்தாநாளிலிருந்து சித்தன் கிடந்தான். கரடியூர்ப் பையன், நாலு வயது. அதே கிருமி அவனுக்கு நெஞ்சில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய மருந்து சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவன் அம்மா சின்னத்தாயி கலாவதியின் கையை விடவில்லை. "ஏதாச்சும் பண்ணுங்க நர்சம்மா. ஒண்ணே ஒண்ணுங்க எனக்கு."

கலாவதி தீர்மானித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் மனுஷன் வாசலிலேயே விழுந்துவிடுவார். மருந்து முதலில் கைக்கு வரட்டும். அப்புறம் அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

வாசலுக்கு ஓடினாள். நல்லமுத்துவின் காலில் செருப்பில்லை. முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்தது. சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஒரு குப்பிகூட உடையவில்லை.

"வெரசா போடுங்க நர்சம்மா. நேரம் பண்ணாதீங்க."

"பாப்பா... தூங்குதுங்கண்ணா. நீங்க இங்கயே உக்காருங்க."

"செரிங்க" என்று தூணோரம் சாய்ந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கலாவதி மருந்தைக் கரைத்தாள். "அவர்கிட்டக் கேட்டாச்சா?" என்றார் டாக்டர். தலையை ஆட்டினாள். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

சித்தனுக்கு ஊசி ஏறியது. சின்னத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கலாவதி வெளியே வந்தாள். அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, என்னை மன்னிச்சிருங்க. பொய் சொல்லி வாங்கிட்டேன். பாப்பா காலையிலயே..."

"தெரியுமுங்க" என்றார் நல்லமுத்து. "பாதி மலையிலயே ஆளு வந்து சொல்லிட்டானுங்க."

அவள் தலையை நிமிர்த்தினாள். "பின்ன ஏனுங்கண்ணா அப்படி ஓடியாந்தீங்க?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் கெடக்கறானேங்க."