கொலினுக்குக் காலைச் சாப்பாடு

யோகமலர் தன் சமையலறையில் அதுவரை முட்டைகூடப் பொரித்ததில்லை. இன்று பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"நிலாணி, இங்கிலாந்துக்காரரின்ர காலைச் சாப்பாட்டில வேற என்ன இருக்கவேணும்?"

"முட்டை, சொசேஜ், தக்காளி, காளான், பீன்ஸ். ஹாஷ் பிரவுண் வேண்டாம், அம்மா. அது அமெரிக்காச் சாப்பாடு எண்டு கொலின் சண்டை பிடிப்பார்."

"கறுப்பா ஒண்டு வைப்பினமே?"

"பிளாக் புடிங். அது பன்றி இரத்தத்தில செய்யிறது. விடுங்கோ, உங்களுக்கு ஏலாது."

"அவருக்குப் பிடிக்குமோ?"

"சரியான விருப்பம்."

"அப்ப வைக்கத்தான் வேணும்."

யோகமலர் எல்லாவற்றையும் வாழையிலையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். மாலை போட்டிருந்த கொலினின் படத்துக்கு முன்னால் படைத்து, விளக்கை ஏற்றினார். மருமகன் இறந்து இன்று முப்பத்தோராம் நாள்.

"பன்றி தின்னுறவன் என்ர வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று கல்யாணத்தன்று சொன்னவர் யோகமலர்தான். ஆறு வருடமாக, நிலாணி தாயைப் பார்க்க மில்லிக்கனுக்கு வரும்போதெல்லாம், கொலின் வெளியே காருக்குள்ளேயே காத்திருந்தான்.

யோகமலர் போய் வாசல் கதவை அகலத் திறந்தார். பனிக்காற்று முகத்தில் அடித்தது.

"சாப்பாடு ஆற முன்னம் உள்ள வாங்கோ, மகன்" என்றார்.