உயர்ந்த நாற்காலி

நீச்சல் குளத்தின் மேல் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. குளம் முழுவதும் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே உயர்த்திப் போட்டிருக்கும் நாற்காலியில், இருபது வயது நிரம்பாத காவலன் அமர்ந்திருக்கிறான். கழுத்தில் விசில்; கண்கள் கைப்பேசியில். காலையில் அவன் குட்டிக்கரணம் அடித்துக் குதித்த வீடியோவுக்கு லைக்குகள் ஏறிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் கூச்சலிடும்போதெல்லாம் தலை நிமிராமலே விசிலை ஊதுகிறான். சத்தம் அடங்கிவிட்டால் ஆபத்து இல்லை என்பது அவன் கணக்கு. பிள்ளைகள் கரையேறி உடை மாற்றப் போய்விடுகிறார்கள். மஞ்சள் தொப்பி அணிந்த சிறுமி மட்டும், ஆழப்பகுதியைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறாள்.

"அண்ணா, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வரட்டுமா? என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்கல்ல?"

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன், போ கண்ணு."

அவனுடைய கட்டைவிரல் திரையைத் தள்ளுகிறது. யாரோ ஆடுகிறார்கள், யாரோ எதையோ தின்கிறார்கள். பார்க்கத் தகுந்தது ஒன்றுமில்லை. ஆயினும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கயிறு ஒருமுறை வெடுக்கென்று அதிர்ந்து அடங்குகிறது. அதற்கு அப்பால், தலையை இழந்த மஞ்சள் தொப்பி நீரின்மேல் மெல்லச் சுழல்கிறது. எங்கும் ஓர் ஓசையும் இல்லை.

"அப்பாடா! இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, அவன் கால்களை நீட்டிச் சாய்கிறான்.