ஜம்பர் மாறியிருந்தது

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்தபோதே மருமகனுக்கு வியர்த்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல, பின்னால் நின்றுகொண்டிருந்த மாமனாரை நினைத்து.

கல்யாணமாகி இரண்டு வருடம். இந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

ரிப்பேர் கடையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவனுக்கா என் பெண் என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர் மாமனார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை, அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவராகக் கூப்பிடுகிறவரை அந்தப் படியேற மாட்டேன் என்று அவளும் இருந்துவிட்டாள்.

இன்று காலை மகளுக்குப் போன் வந்தது.

“உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அனுப்பு. என் கம்ப்யூட்டர் படுத்துருச்சு.”

அவ்வளவுதான். நீயும் வா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆனாலும் அவள் கூடவே வந்தாள். கீழே, மாடிப்படியருகில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவர் என்ன சொன்னாலும் பதில் பேசாமல் வேலையை முடித்துவிட்டு வாருங்கள், இந்தத் தடவை காரியம் கெட்டால் அப்பா இனிக் கூப்பிடவே மாட்டார் என்று சொல்லி அனுப்பினாள். 

மாமனார் கதவைத் திறந்து ‘வாங்க’ என்றார். அவனைப் பார்த்துச் சொன்னாரா, அவன் கையிலிருந்த கருவிப் பையைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அவர் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சுற்றுகிற எதுவும் குறித்த வேகத்துக்கு மேல் போய்விடாமல் காலமெல்லாம் காவல் காத்தவர். வீட்டோடு தனியாளாக இருக்க ஆரம்பித்ததும் அந்த விரதத்தை முறித்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் ப்ராசஸரை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் இப்போது அவருடைய பொழுதுபோக்கு. வேகத்தை ஒரு படி ஏற்றுவார், மின்னழுத்தத்தைத் துளி கூட்டுவார், சூடு பார்ப்பார், மறுபடி ஏற்றுவார்.

“அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.”

மருமகன் தலையாட்டினான். இதற்கு வைத்தியம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மதர்போர்டின் ஓரத்தில், காசு அளவு பேட்டரிக்குப் பக்கத்தில், மூன்று முள் வரிசையாக நிற்கும். முதல் இரண்டையும் சேர்த்து ஜம்பர் என்கிற குட்டி மூடி மாட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பக்கத்து முள்ளோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் மாட்டினால், போர்டு எல்லா செட்டிங்கையும் மறந்துவிட்டு, கடையிலிருந்து வந்த நாள் மாதிரி ஆகிவிடும். பிறகு ஜம்பரைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். மறந்தால் அந்த போர்டு மூச்சு விடாது.

குனிந்து பார்த்தான். ஜம்பர் மாறியிருந்தது.

அப்படியானால் மாமனாரே ரீசெட் செய்திருக்கிறார். முறையாகத்தான் செய்திருக்கிறார். திருப்பி மாட்ட மட்டும் மறந்துவிட்டார்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கியதை ஆனையிடம் போய்ச் சொல்வது யார்?

அதுவும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன் வாயால் அதைக் கேட்டால், இந்த ஜென்மத்தில் அவர் இன்னொரு முறை போனை எடுக்க மாட்டார். கீழே இருக்கிறவள் கீழேயே இருக்க வேண்டியதுதான். அதற்கும் மேல், இவ்வளவு விவரமான மனிதருக்கு மறதி வந்துவிட்டதே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது. இவருக்காகப் போய்த் தன் மனசு இரங்குகிறதே என்று அவனுக்கே ஆச்சரியம்.

மாமனார் மேஜை விளக்கை எடுத்துவர, தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்த அடுத்த அறைக்குப் போனார். அந்த இடைவெளியில் அவன் ஜம்பரை நகத்தால் நெம்பிப் பழைய இடத்தில் மாட்டினான்.

இனி பொத்தானை அமுக்கினால் ஓடும். ஆனால் வந்த கையோடு ஓடிவிட்டால், எதை மாற்றினீர்கள் என்று அவர் கேட்பார். அதனால் மருமகன் வேலை பார்க்கத் தொடங்கினான்.

மெமரியை உருவித் துடைத்துத் திரும்பச் செருகினான். ஃபேனில் இல்லாத தூசியைத் தட்டினான். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, டாக்டர் மாதிரி ‘ம்’ என்றான். கடையில் வேறு யாராவது இப்படி வேலை பார்த்தால் அவனே வைதிருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மாமனார் விளக்கைப் பிடித்தபடி நின்றார். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது தடவையாக மெமரியை உருவப் போனபோது தொண்டையைச் செருமினார்.

“ஜம்பரைத்தான் அப்பவே மாத்திட்டீங்களே. இன்னும் என்னத்தைத் தேடறீங்க?”

மருமகனின் கை அப்படியே நின்றது.

மாமனார் விளக்கை மேஜைமேல் வைத்தார். அவனைத் தாண்டிக் கை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

“நான் மாத்தி வச்சதை நீங்க கண்டுபிடிக்க மதியம் ஆயிடும்னு நெனச்சேன்,” என்றார். “மூணு பேருக்குச் சமைச்சு வச்சிருக்கேன். அவளை மேல வரச் சொல்லுங்க.”