மூலைக்கு மூலை

பத்தடிச் சதுர அறைக்கு மூலைக்கு மூலை பதினாலடி ரெண்டு இஞ்சு. டைல்ஸ் கொத்தனார் செல்வின் சொல்லிக்கொடுத்த இந்த விடையால்தான் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெஸ்லினுக்கு மார்க் போனது.

“அது விகிதமுறா எண்ணாம்ப்பா. புள்ளிக்கப்புறம் முடியவே முடியாதாம்.”

“இருபது வருசமா அளக்கேன், முடியாதா?”

ஞாயிற்றுக்கிழமை, சாலை பஜார் பக்கம், தான் வேலை செய்யும் வீட்டுக்குக் கூட்டிப்போய், பத்தடிச் சதுர அறை ஒன்றின் மூலையில் நின்று டேப்பின் நுனியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் எதிர்மூலைக்குப் போய் நின்றுவிட்டாள். டேப் நிற்கவில்லை. பதினாறடி டேப், நூறடி, இருநூறடி என்று தொய்வில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

“டீச்சர் சொன்னதுதான் சரி மக்களே. திரும்பி வா.”

“வாறேம்ப்பா.”

அதே மூலையில் நின்று சிரித்தாள். குரல் மட்டும் தூரத்துப் பொன்முடி மலைக்கு அப்பாலிருந்து கேட்டது.