ஒரு நூல் நகர்ந்தால்

எதிர்மலையில் பனிச்சிறுத்தை படுத்திருந்தது. வெறுங்கண்ணுக்குப் பாறை மட்டுமே தெரிந்தது. “ஸ்டாண்டைத் தொட்டுடாதீங்க, ஒரு நூல் நகர்ந்தாலும் மறுபடி அதைப் பிடிக்க முடியாது” என்று தொலைநோக்கியைக் காட்டி எச்சரித்திருந்தார் வழிகாட்டி. தன் முறை வந்ததும் குனிந்த மங்களவல்லி நிமிரவே இல்லை. அவள் முகம் மெல்ல மலர்வதைப் பக்கத்தில் நின்ற கணவன் வேலாயுதம் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து தன்னை ஒருதரம்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது.

“போதும், மத்தவங்க பாக்க வேண்டாமா?”

“இருங்க. என்னையேதான் பாக்குது.”

அவன் பூட்ஸ் நுனியால் ஸ்டாண்டின் காலை நைசாகத் தள்ளினான். குழல் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

“எழுந்திரிச்சிடுச்சுங்க” என்றாள். “இங்கதான் வருது.”