ஜாக்கெட் துணி

ஸ்வர்ணலதா புடவையின் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள்.

அசல் பட்டாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் உதிரும். இது பிளாஸ்டிக் மாதிரி சுருண்டு உருண்டையாகிவிட்டது.

அண்ணன் ஜெயவேல் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அவளைச் சென்னைக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகத்தான் போளூரிலிருந்து வந்திருக்கிறான். அவன் பையில் ஒரு துண்டு எடுத்து வைக்கலாம் என்று திறந்தபோது இந்தப் புடவை கண்ணில் பட்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தீபாவளிக்குக்கூட எதுவும் வாங்கித் தராத மகராசன். அரக்கு நிறம், அகலச் சரிகை. பிரித்துப் பார்த்தால் ஜாக்கெட் துணியைக் காணோம். தடவிப் பார்த்தால் பட்டையும் காணோம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே சேவூரில் தறிக்குழியில் கால் விட்டு வளர்ந்தவன். அவனுக்கா தெரியாது எது பட்டு என்று?

அவள் மேலண்ணத்தில் வந்த கருப்புத் திட்டை மெலனோமா, ஒருவகைப் புற்றுநோய் என்றார் டாக்டர். அண்ணத்தில் பாதியை எடுத்துவிட்டுத் தட்டு பொருத்தலாம், பிறகு கதிர் சிகிச்சை கொடுக்கலாம் என்றார். பல பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது, சிலர் ஐந்து வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். அவள் காதில் விழுந்தது அந்தச் சிலர்.

புடவையோடு வாசலுக்கு வந்தாள்.

"ஏண்ணா, பாத்துத்தான் வாங்கினியா? இது பட்டே இல்ல."

"ஒரு வாட்டிதானம்மா..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறந்த வீட்டுக் கோடி. செத்துப்போன தங்கையின் மேல் அண்ணன் போர்த்த வேண்டிய புடவை. கத்தி இன்னும் வாயில் படவில்லை, அதற்குள் வாங்கிவிட்டான். அதுவும், எரியப்போகிறதுதானே என்று போலியாகப் பார்த்து, ஜாக்கெட் துணிகூட இல்லாமல். எவ்வளவு நெஞ்சழுத்தம்.

அவள் கத்தவில்லை. புடவையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பையில் போட்டு, பைக்கில் மாட்டினாள்.

"கடை மூடறதுக்குள்ள போயி அசலா மாத்திகினு வா," என்றாள். "ஜாக்கெட் துணியோட. தைக்கக் குடுக்கணும்."